தமிழெழுத்துக்கு ஒரு வகுப்பறை: வரைகலைப் பட்டப்படிப்பு குறித்து

2010 ஜூலை 15 அன்று இந்திய ரூபாய்க்கு ஒரு குறியீடு கிடைத்தது. தேவநாகரியின் 'ர'வையும் ரோமன் 'ஆர்' எழுத்தையும் இணைத்த அந்த வடிவத்தை வரைந்த டி. உதயகுமார் தமிழர் என்று நம் பத்திரிகைகள் மகிழ்ந்து எழுதின. அவர் எதை ஆராய்ந்தவர் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. மும்பை ஐஐடியின் தொழிலக வடிவமைப்பு மையத்தில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் தமிழ் அச்செழுத்து. அதற்கு முன்னால் சென்னையில், அண்ணா பல்கலைக்கழகத்தில் அவர் இளநிலைப் பட்டமாகப் படித்தது கட்டடக்கலை. தமிழெழுத்தின் வடிவத்தைப் பாடமாகக் கற்க ஒரு தமிழ் இளைஞர் மும்பைக்குப் போக வேண்டியிருந்தது, அதுவும் முதுநிலைப் படிப்பில்.

வரைகலை வடிவமைப்பை இளநிலைப் பட்டமாகப் படிப்பது பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு வேறொரு இடத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. பிளஸ் டூ முடித்த மகள் கிராஃபிக் டிசைன் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். "அதுக்கு எதுக்கும்மா டிகிரி? மூணு மாசம் கோர்ஸ் போனா வந்துடாதா?" என்று அப்பா கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பும் கோரல் டிராவும் மூன்று மாதத்தில் கைவந்துவிடும். சிவகாசியில் காலண்டரும் லேபிளும் தீப்பெட்டிப் படமும் வடிவமைத்துத் தருகிற எத்தனையோ பேர் அச்சகத்திலேயே உட்கார்ந்து தொழில் கற்றவர்கள். நிறம் எந்தக் காகிதத்தில் எப்படி விழும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு பட்டதாரிகள் பலருக்குத் தெரியாது. அப்படியானால் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளும் அதற்கான பணமும் எதற்கு? அந்த ஆண்டுகளில் எதைக் கற்பித்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்?

இங்கே உள்ள வழிகளை முதலில் பார்த்துவிடலாம். நுண்கலைக் கல்லூரிகளில் நான்காண்டு பி.எஃப்.ஏ. படிப்பின் ஒரு பிரிவாக 'காட்சிவழித் தகவல் வடிவமைப்பு' இருக்கிறது. கலை அறிவியல் கல்லூரிகளில் எல்லோரும் 'விஸ்காம்' என்று அழைக்கும் மூன்றாண்டுப் பட்டம் இருக்கிறது. தேசிய வடிவமைப்பு நிறுவனம், ஐஐடிகள், தனியார் பல்கலைக்கழகங்கள் நடத்தும் நான்காண்டு பி.டெஸ். இருக்கிறது. ஒன்றுக்கொன்று பிறந்த வீடு வேறு. ஆகவே மூன்றும் ஒரே தொழிலுக்கு ஆளை அனுப்பினாலும் அனுப்பும் ஆட்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை.

முதல் வழி மிகப் பழையது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். 1852இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. பெரியமேட்டில் இன்றும் நிற்கிற அந்தப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. தொடக்கத்தில் அதன் நோக்கம் ஓவியரை உருவாக்குவதைவிடத் தொழில் தெரிந்த கைவினைஞரை உருவாக்குவதாகவே இருந்தது. செதுக்கச்சு, மண்பாண்டம் போன்றவை அங்கே பாடங்களாயின. தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல் இந்திய முதல்வராக வந்தபோதும், பிறகு கே. சி. எஸ். பணிக்கர் காலத்திலும், அதன் பெயர் ஓவியத்தாலும் சிற்பத்தாலும் வளர்ந்தது. ஆனால் தமிழ் வாசகரின் கண்ணைப் பழக்கியதில் அந்தப் பள்ளிக்கு உள்ள பங்கு காட்சிக்கூடத்தோடு முடிந்துவிடவில்லை. அங்கே படித்த கே. எம். ஆதிமூலம் (1938–2008) காந்தியைக் கோடுகளில் வரைந்தவர் என்று அறியப்படுகிறார். அவரே சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் தலைப்பெழுத்துகளை வரைந்து தந்தார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்கு வரைந்தவரும் அவர்தான். கும்பகோணத்துக் கலைப்பள்ளியில் படித்த கோபுலு ஆனந்த விகடனில் தில்லானா மோகனாம்பாளுக்கு உருவம் கொடுத்துவிட்டு, பின்னாளில் விளம்பரத் துறைக்குப் போனார். கிராஃபிக் டிசைனர் என்ற பெயர்ப்பலகை இல்லாமலே அந்த வேலையைச் செய்தவர்கள் இவர்கள்.

நுண்கலைக் கல்லூரியின் பலம் கை. ஆண்டுக்கணக்கில் மனித உருவத்தையும் மரத்தையும் நிழலையும் வரைந்து பழகிய கைக்கு எந்தக் கருவியும் தடையாவதில்லை. அதன் குறையும் இதே இடத்தில்தான் பிறக்கிறது. ஓவியத்தை மதிப்பிடும் அளவுகோல் பக்கத்து வகுப்பில் இருக்கும்போது, ஒரு மருந்துச் சீட்டையோ பேருந்து வழித்தடப் பலகையையோ வடிவமைப்பது தாழ்ந்த வேலையாகத் தோன்றிவிடுகிறது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி அழகா என்பதல்ல. முதியவர் ஒருவர் கண்ணாடி இல்லாமல் அதைப் படித்துச் சரியான மாத்திரையை எடுப்பாரா என்பது.

விஸ்காம் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒளிப்படம், சினிமா, தொலைக்காட்சி, விளம்பரம், இதழியல், ஓவியம், கணினி வரைகலை எல்லாவற்றையும் ஆறு பருவங்களில் தொட்டுச் செல்லும் படிப்பு அது. சேருகிற மாணவர்களில் பெரும்பாலோர் மனத்தில் சினிமா இருக்கிறது. வரைகலைக்குக் கிடைப்பது சில தாள்கள்தான். இந்தப் படிப்பு பலருக்கு வாசல் திறந்திருக்கிறது, குறிப்பாகக் கட்டணம் குறைவான கல்லூரிகளில். அந்த மதிப்பை மறுக்க முடியாது. ஆனால் அச்சுப் பக்கத்தையோ எழுத்துருவையோ ஒரு பாடமாக ஊன்றிக் கற்க அதில் நேரம் இல்லை. இது ஆசிரியரின் குறையல்ல. பாடத்திட்டத்தின் பரப்பு அப்படி.

மூன்றாவது வழியின் கதை நீளமானது. 1957இல் இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். பார்த்த பொருள்களிலெல்லாம் அவர்கள் மிகவும் வியந்து எழுதியது லோட்டாவை. தலைமுறை தலைமுறையாகப் பெயர் தெரியாத பலர் கைபட்டு வந்த அந்தப் பித்தளைச் செம்பைப்போல ஒரு பொருளை வடிவமைக்க வேண்டுமானால் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் அடுக்கிக் காட்டினார்கள்: எவ்வளவு தண்ணீர் கொள்ளும், எப்படித் தூக்குவார்கள், தலையிலா இடுப்பிலா, எப்படிக் கழுவுவார்கள், விலை என்ன. அந்த அறிக்கையின் விளைவாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. கௌதம் சாராபாயும் கீரா சாராபாயும் அதை வளர்த்தார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து வரைகலை ஆசிரியர் அர்மின் ஹாஃப்மன் வந்தார். எழுத்துரு வடிவமைப்பாளர் அட்ரியன் ஃப்ரூட்டிகர் வந்தார்.

இந்த வழியின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. 1919இல் வைமாரில் தொடங்கி 1933இல் நாஜிகளின் நெருக்கடியால் மூடப்பட்ட பௌஹவுஸ் பள்ளிதான், எந்தத் துறைக்குப் போகிறவரும் முதலில் நிறம், வடிவம், பொருள் ஆகியவற்றைக் கைப்படப் பழக வேண்டும் என்ற அடிப்படைப் பயிற்சியைத் தந்தது. 1953 முதல் 1968 வரை நடந்த உல்ம் பள்ளி அதற்கு அறிவியல் ஒழுங்கைச் சேர்த்தது. ஓட்ல் ஐஷரின் குழு லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்கு 1962இல் தந்த முழு அடையாளத் திட்டம் அங்கே பிறந்தது. உல்மில் படித்த சுதாகர் நட்கர்ணி இந்தியா திரும்பி, 1969இல் மும்பை ஐஐடியில் வடிவமைப்பு மையம் உருவாகக் காரணமாக இருந்தார். பின்னர் குவாஹாட்டி ஐஐடியின் வடிவமைப்புத் துறையையும் கட்டியெழுப்பினார். ஐஐடிகளில் இளநிலை பி.டெஸ். முதலில் வந்தது குவாஹாட்டியில். மும்பையில் 2015இல்தான் வந்தது.

இங்கே ஒரு விவரம் அப்பாவின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது. அகமதாபாத் நிறுவனம் பல பத்தாண்டுகள் பட்டம் கொடுக்கவில்லை, பட்டயம்தான் கொடுத்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆக்கிய பிறகே அதற்குப் பட்டம் வழங்கும் உரிமை வந்தது. பாரத ஸ்டேட் வங்கியின் சின்னத்தை 1971இல் சேகர் காமத் அங்கே வரைந்தபோதும், தூர்தர்ஷனின் கண்ணை தேவாஷிஸ் பட்டாச்சார்யா மாணவராக வரைந்தபோதும், பட்டம் என்று ஒரு தாள் அங்கே கிடையாது. நேரமும் ஸ்டூடியோவும் பார்த்துத் திருத்தச் சொல்ல ஓர் ஆசிரியரும் இருந்தார்கள். ஆகவே பட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் மதிப்பிட வேண்டியது அந்த ஆண்டுகளுக்குள் நடப்பதை.

நடப்பது என்ன? நல்ல பள்ளியில் முதலாண்டு முழுவதும் கணினி அநேகமாக மூடியே இருக்கும். ஒரே பொருளை நூறு முறை வரையச் சொல்வார்கள். சாம்பல் நிறத்தின் பத்துப் படிகளைத் தூரிகையால் கலந்து காட்டச் சொல்வார்கள். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒரே நிறம் இரண்டு நிறமாகத் தெரிவதைக் கண்ணால் கண்டுகொள்ள வைப்பார்கள். ஒரு சந்தைக்கோ நெசவூருக்கோ அனுப்பி, அங்கே பார்த்ததை ஆவணப்படுத்தி வரச் சொல்வார்கள். அதன் பிறகுதான் துறை பிரிவது. பிறகு எழுத்துருவியல், பக்க அமைப்பு, தகவல் வரைகலை, அடையாள வடிவமைப்பு, அச்சுத் தொழில்நுட்பம், திரை இடைமுகம் என்று பாடங்கள் வரும். கடைசியில் ஒரு நிறுவனத்திலோ சமூகத்திலோ உண்மையான ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் செய்யும் பட்டத் திட்டம்.

இவற்றிலெல்லாம் பட்டப்படிப்பைத் தவிர வேறெங்கும் கிடைக்காதது ஒன்று இருக்கிறது. மாணவர்கள் அதை 'கிரிட்' என்றும் 'ஜூரி' என்றும் சொல்வார்கள். செய்த வேலையைச் சுவரில் ஒட்டிவிட்டு நிற்க வேண்டும். ஏன் இந்த அளவு, ஏன் இந்த இடைவெளி, இதை யார் படிக்கப் போகிறார்கள், இரண்டு மீட்டர் தூரத்தில் இது தெரியுமா என்று ஆசிரியரும் சக மாணவர்களும் கேட்பார்கள். 'எனக்குப் பிடித்திருந்தது' என்ற பதில் அங்கே செல்லாது. முதல் ஆண்டில் அழுகிறவர்கள் உண்டு. மூன்றாம் ஆண்டில் அதே மாணவர்கள், கேட்கப்படும் முன்பே அந்தக் கேள்விகளைத் தாங்களே கேட்டுக்கொண்டு திருத்தியிருப்பார்கள். மூன்று மாதக் கோர்ஸால் இதைக் கொடுக்க முடியாது. அச்சகத்தில் நாளைக் காலைக்குள் வேலையை முடித்துத் தர வேண்டிய அவசரத்தில் இதற்கு இடமில்லை. யூடியூப் பாடத்தில் கேள்வி கேட்க எதிரே ஆள் இல்லை.

மென்பொருள் கற்பதைப் பட்டத்தின் மையமாக வைத்த கல்லூரிகளுக்கு நேர்ந்ததைக் காலமே காட்டிவிட்டது. பேஜ்மேக்கர் 1985இல் வந்து அச்சுலகையே மாற்றியது. இன்று அது இல்லை. இணைய அசைவுப் படத்துக்கு ஃபிளாஷ் தெரியாவிட்டால் வேலை இல்லை என்று ஒரு தலைமுறை மாணவர்களிடம் சொன்னார்கள். 2020 டிசம்பர் 31 உடன் அதன் ஆதரவு நின்றது. ஃபிளாஷை மட்டும் கற்றவர் மீண்டும் தொடக்கத்துக்கு வந்தார். அசைவின் வேகத்தையும் தாளத்தையும் கற்றவர் வேறு கருவியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

இதுவரை சொன்னது எந்த நாட்டு வடிவமைப்புக் கல்விக்கும் பொருந்தும். நமக்கென்று உள்ள சிக்கல் எழுத்தில் இருக்கிறது. பௌஹவுஸும் உல்மும் சுவிட்சர்லாந்தின் பாசல் பள்ளியும் கற்பித்த எழுத்துருவியல் ரோமன் எழுத்தை மையமாகக் கொண்டது. பாசலில் எமில் ரூடர் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கட்டங்களும் இடைவெளிகளும் அந்த எழுத்தின் உடலை அளந்து பிறந்தவை. அகமதாபாத் இதை உணராமல் இல்லை. அங்கே மகேந்திர படேல் இந்திய எழுத்துகளுக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தார், மும்பையில் ஆர். கே. ஜோஷி உழைத்தார். விண்டோஸில் நாம் நீண்டகாலம் பார்த்துப் பழகிய 'லதா' தமிழ் எழுத்துரு ஜோஷியின் வழிகாட்டலில் உருவானது. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு மாணவி வரைகலை படித்து முடிக்கும்போது ஹெல்வெட்டிகாவையும் காரமண்டையும் அடையாளம் காட்டிவிடுவாள். தமிழில் இரண்டு பத்தி அடித்துக் கொடுத்து ஒரு பக்கம் அமைக்கச் சொன்னால் திகைத்து நிற்பாள். நான் பார்த்த இளம் பட்டதாரிகளின் போர்ட்ஃபோலியோக்களில் தமிழ் பெரும்பாலும் ஒரு சுவரொட்டித் தலைப்பாக, அழகுக்காக வந்துபோகிறது. நீளமான தமிழ் வாசகம் ஓடும் பக்கத்தைக் காண்பது அரிது.

ஏன் இது தனிப்பாடமாக வேண்டும் என்று கேட்கலாம். ரோமன் எழுத்தில் கற்றதைத் தமிழுக்கும் பொருத்திக்கொள்ளலாமே? பொருந்தாது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. தலைப்பை எல்லாம் பெரிய எழுத்தில் போட்டு வேறுபடுத்தும் உத்தி இங்கே கிடையாது. சாய்வெழுத்துக்கு மரபு இல்லை. கணினி தானாகச் சாய்த்துக் கொடுக்கும் எழுத்து நொண்டுகிறது. ஆகவே முக்கியமானது எது, துணையானது எது என்று காட்டத் தடிமன், அளவு, வெற்றிடம், நிறம் ஆகியவற்றை மட்டுமே நம்ப வேண்டும். தடிமனிலும் தொல்லை இருக்கிறது. 'இ', 'ஐ', 'ஞ', 'ணி' போன்றவற்றின் சுழிகள் தடித்த எழுத்தில் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். மேலே 'கி', 'கீ' என்று வளையும் விலங்கு, கீழே 'கு', 'ஞூ' என்று இறங்கும் வால். இரண்டும் மோதாமல் வரிக்கு வரி எவ்வளவு விடுவது என்பதை ஆங்கிலப் பாடநூலின் கணக்கால் தீர்மானிக்க முடியாது.

இன்னும் நுட்பமானவை இருக்கின்றன. 'ர'வும் துணைக்காலும் பல எழுத்துருக்களில் ஒரே உருவில் நிற்கின்றன. 'ஔ'வில் வரும் இரண்டாம் பகுதியும் 'ள'வும் அப்படித்தான். பழகிய வாசகர் சூழலால் ஊகித்துக்கொள்வார். புதிதாகப் படிக்கக் கற்கும் பிள்ளை தடுக்கி விழும். தமிழ்ச் சொற்கள் ஒட்டி ஒட்டி நீளும் இயல்புடையவை. குறுகிய பத்தியில் இருபுறமும் ஒழுங்காக நிறுத்தினால் சொற்களுக்கு நடுவே வெள்ளை வாய்க்கால்கள் ஓடும். சொல்லை உடைத்தால் புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வந்துவிடக் கூடாது என்பது நல்ல மெய்ப்புத் திருத்துநர்கள் காக்கும் ஒழுங்கு. இதை எந்தப் பட்டப்படிப்பில் யார் சொல்லித் தருகிறார்கள்? கணினியிலும் சிக்கல் உண்டு. இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கான வரியமைப்பியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும். பல அச்சகங்கள் ஒருங்குறிக்கு முந்தைய பழைய குறியேற்றங்களில் இன்னும் வேலை செய்கின்றன. அந்தக் கோப்பை வேறொரு கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் பொருளற்ற குறிகள் இருக்கும். இரண்டு உலகத்துக்கும் நடுவே கோப்பை மாற்றத் தெரியாத பட்டதாரி முதல் வேலையிலேயே மாட்டிக்கொள்கிறார்.

வரலாறும் இங்கே வெறும் பெருமைக்கான பொருள் இல்லை. 1578இல் கொல்லத்தில் பாதிரியார் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் அச்சிட்ட 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்', தமிழெழுத்திலேயே நமக்குக் கிடைத்திருக்கும் முதல் அச்சுநூல்களில் ஒன்று. தரங்கம்பாடியில் மதபோதகர் சீகன்பால்கின் அச்சகம் 1713இல் இயங்கத் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. காகிதமோ கிடைக்காத பொருள். அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிடப் போனால் காகிதம் போதாது. அதனால் இங்கேயே சிறிய எழுத்தை வார்த்தார்கள். அதற்குப் பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கியதாகச் சொல்கிறார்கள். எழுத்தின் அளவு, காகிதத்தின் செலவு, படிக்க முடிகிற எல்லை ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் எந்த ஐரோப்பிய நூலிலும் இல்லை. 1978இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். யானைத் துதிக்கையோடு எழுதிய 'லை', 'னை' போன்றவை மாறியபோது அச்சுக்கோப்பவருக்கு என்ன மிச்சமானது, கண்ணுக்கு என்ன பழகவேண்டியிருந்தது, சொல்லின் அகலம் எவ்வளவு கூடியது என்று மாணவர்கள் அளந்து பார்க்கலாம்.

தெருவும் பாடநூலாகும். தமிழ்நாட்டுக் கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழுக்கு முதலிடம் தர வேண்டும் என்பது விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதமும் அதில் சொல்லப்படுகிறது. விதியை விகிதத்தால் நிறைவேற்றிவிடலாம். ஒரே பலகையில் இரண்டு எழுத்துமுறைகள் ஒரே குரலில் பேசும்படி செய்வதற்கு வடிவமைப்பாளர் வேண்டும். இந்த வேலைக்குப் பொருத்தமான எழுத்துருக்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வரத் தொடங்கியிருக்கின்றன. பிரியா ரவிச்சந்திரனின் 'காட்டமரன்' தமிழையும் ரோமனையும் ஒன்றாக எண்ணி வரையப்பட்டது. இலங்கையின் தாரிக் அஸீஸ் 'பவனம்' தந்தார். மும்பையின் ஏக் டைப் குழு 'முக்த மலர்', 'பாலூ தம்பி' ஆகியவற்றைத் தந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய தமிழ் எழுத்துருக்கள் ஆப்பிள் கருவிகளில் இருக்கின்றன. இவர்களில் பிரியா ரவிச்சந்திரன் எழுத்துருவாக்கம் கற்றது இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில். நெடுமாறன் பொறியியலிலிருந்து வந்தவர். தமிழெழுத்துக்கு உழைத்தவர்களில் எத்தனை பேருக்குத் தமிழ்நாட்டின் இளநிலை வகுப்பறை அடிப்படையாக இருந்தது என்று பார்த்தால் மனம் கனக்கிறது.

ரெடிங்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அங்கே எழுத்துருவியலும் வரைகலைத் தகவலும் ஒரு தனிப் பல்கலைக்கழகத் துறை. மைக்கேல் ட்வைமன் அதை வளர்த்தபோது, கைத்திறனோடு அச்சு வரலாற்றையும் ஆய்வையும் இளநிலைப் பட்டத்திலேயே சேர்த்தார். ரயில் பயணச்சீட்டு, விண்ணப்பப் படிவம், துண்டறிக்கை போன்ற ஆயுள் குறைந்த அச்சுப் பொருள்களைச் சேகரித்து மாணவர் கையில் கொடுத்தார்கள். ரோமன் அல்லாத எழுத்துகளுக்கான அச்சு ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. அதாவது பட்டம் என்ற சொல்லுக்குத் தகுந்த அறிவுப் பரப்பு வரைகலைக்கு உண்டு என்று அந்தத் துறை நிரூபித்தது. நம் பல்கலைக்கழகங்கள் வரைகலையை ஏதோ கைவேலை என்று ஓரத்தில் வைத்திருப்பதற்குக் காரணம் துறையின் இயல்பில் இல்லை.

நுழைவுத் தேர்வைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. ஐஐடிகளின் பி.டெஸ். இடங்களுக்கான யுசீட் தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது. ஒரு பகுதி கணினியில், ஒரு பகுதி கையால் வரைவது. கூர்ந்து பார்த்தலையும் வெளியை மனத்தில் திருப்பிப் பார்க்கும் திறனையும் சோதிக்கும் நல்ல கேள்விகள் அதில் இருக்கின்றன. அந்தத் திறன் விருதுநகரிலும் திருவண்ணாமலையிலும் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் இருக்கும். கேள்வி புரிந்தால் விடை எழுதிவிடும். அந்தத் தேர்வு என்று ஒன்று இருப்பதே அதன் காதுக்கு எட்டுவதில்லை என்பது பெரிய தடை. நகரத்தில் இதற்கென்று பயிற்சி மையங்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பிலேயே போர்ட்ஃபோலியோ தயாரிக்கத் தொடங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் இடமே பல ஊர்களில் பகுதிநேரமாகிவிட்ட நிலையில், வடிவமைப்புக் கல்வி வசதி உள்ளவர்களின் கல்வியாகச் சுருங்குவதைத் தடுக்க ஆளில்லை. தனியார் பல்கலைக்கழகங்களின் கட்டணம் பல லட்சம். அந்த வகையில் அரசு நுண்கலைக் கல்லூரிகள்தான் இன்றும் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்மையான வாசல். அவற்றை வலுப்படுத்துவது பற்றிய பேச்சு ஏன் எழவில்லை என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வேலை? விளம்பர நிறுவனம், பதிப்பகம், பத்திரிகை, மென்பொருள் நிறுவனங்களின் இடைமுக வடிவமைப்பு, பொதி வடிவமைப்பு என்று வழிகள் விரிந்திருக்கின்றன. சம்பளம் அதிகம் கிடைப்பது இடைமுகத்தில். அதனால் பல கல்லூரிகள் பாடத்திட்டத்தை அந்தப் பக்கம் சாய்த்துவிட்டன. இதற்கு நடுவே 2022இல் மிட்ஜர்னி, டாலி 2, ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஆகியவை பொதுமக்கள் கைக்கு வந்தன. ஒரு வரி எழுதினால் படம் கிடைக்கிறது. அவை வந்த புதிதில் தமிழில் ஒரு சொல் கேட்டால், எழுத்தைப்போலத் தோன்றும் ஆனால் எந்த எழுத்தும் இல்லாத சுழிகளைத் தந்தன. அது நாளுக்கு நாள் சரியாகிவரும். அதை நம்பி யாரும் பிழைப்பைக் கட்ட வேண்டாம். கிடைத்த நூறு படங்களில் எது தேவை, எது பொய் சொல்கிறது, எது படிப்பவரைக் குழப்பும் என்று தீர்மானிப்பவர் இனி கூடுதலாகத் தேவைப்படுவார். அந்தத் தீர்மானம் ஸ்டூடியோவில், சுவரில் ஒட்டிவிட்டுக் கேள்விக்கு நிற்கும் இடத்தில்தான் பழகுகிறது. படம் செய்யும் கூலி குறையும் காலத்தில், பார்க்கத் தெரிந்தவரை உருவாக்கும் பட்டத்துக்கு மதிப்பு கூடும் என்றே நான் நம்புகிறேன். மென்பொருள் மட்டும் கற்பிக்கும் பட்டத்துக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது.

தமிழெழுத்தை மையமாகக் கொண்ட ஒரு வரைகலைப் பட்டத்துக்குத் தேவையானவை சென்னையிலேயே ஒரு பேருந்துப் பயண தூரத்துக்குள் இருக்கின்றன. ரோஜா முத்தையா நூலகத்தில் 19ஆம் நூற்றாண்டு முதலான தமிழ் அச்சுநூல்களும் துண்டுப் பிரசுரங்களும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. தாரா பதிப்பகம் 1994 முதல் இயங்குகிறது. கோண்டு ஓவியர்களின் மரங்களைக் கறுப்புக் காகிதத்தில் பட்டுத்திரை அச்சில் நூலாக்கி 2008இல் பொலோன்யா சிறார் புத்தகக் கண்காட்சியில் விருது பெற்றது. தமிழ் நூலுக்குத் தாளும் எழுத்தும் ஓரமும் எப்படி அமைய வேண்டும் என்று 'க்ரியா' பதிப்பகம் காட்டிய நூல்கள் நூலகங்களில் கிடைக்கின்றன. ஃபிளெக்ஸ் வந்து வேலையிழந்த விளம்பரப் பலகை ஓவியர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு பருவம் அவர்களில் ஒருவர் தூரிகையோடு வகுப்பில் நின்றால், கூர்முனையும் தட்டைமுனையும் 'அ'வின் சுழியை எப்படி மாற்றுகின்றன என்று மாணவர்கள் கையால் உணர்வார்கள்.

முதலாண்டில் தூரிகையாலும் எழுத்தாணியாலும் தமிழ் எழுதிப் பழகுவது. இரண்டாமாண்டில் ஒரே சிறுகதையை மூன்று எழுத்துருக்களில், மூன்று பத்தி அகலங்களில் அமைத்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையையும் அறுபது வயதுக்காரரையும் படிக்கச் சொல்லிக் கேட்பது. மூன்றாமாண்டில் சிவகாசியில் ஒரு மாதம் அச்சகத்தில் நின்று, தன் கோப்பு பிளேட்டாகி நான்கு நிறத்தில் இறங்குவதைப் பார்ப்பது. நான்காமாண்டில் ஒரு அரசு விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொள்வது: முதியோர் உதவித்தொகைக்கோ சாதிச் சான்றிதழுக்கோ. தாலுகா அலுவலக வாசலில் உட்கார்ந்து அதை நிரப்பித் தருபவரிடம், எந்தக் கட்டத்தில் மக்கள் தடுமாறுகிறார்கள் என்று கேட்டு, திருத்தி, மீண்டும் அங்கேயே கொண்டுபோய் நிரப்பச் சொல்லிப் பார்ப்பது. இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். பாடத்திட்டக் குழுவில் தமிழ் அச்சு தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்தால், வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.